பதினான்காம் தேதித் தாள்

அன்புள்ள மைனா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பாதிதான் உண்மை, நீயாவது முழு நலமாக இரு. இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு தாள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வாரமாக இதுதான் என் முதல் வேலை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

அப்பா பள்ளி வேனைப் பின்னால் எடுத்தபோது சைக்கிள்காரர் விழுந்து கை முறிந்ததே, அந்த வழக்கில் அடுத்த வாய்தா பதினான்காம் தேதி என்று வக்கீலம்மா போன மாதம் என்னிடம்தான் சொன்னார். சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அதான் காலண்டர்ல எழுதிடுவியே என்று தலையாட்டினார். எழுதினேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எந்தத் தேதியில் வேலையோ அந்தத் தாளிலேயே குறித்துவிட்டால் அப்புறம் நாம் யாரும் அதை மனதில் சுமப்பதில்லை. இரண்டு நாள் கழித்து நீ புது அறை முகவரி சொல்லக் கூப்பிட்டாய். கையில் காகிதம் இல்லை. காலண்டரில் அன்றைய தாளைக் கிழிக்க மனமில்லாமல் அதற்கடியில் கைக்கு வந்த ஒன்றை உருவி, பின்பக்கம் எழுதிப் பைக்குள் போட்டேன். முன்பக்கம் பார்க்கவில்லை. பதினான்காம் தேதி காலையில் காலண்டர் பதினைந்தைக் காட்டியது. ரெண்டு தாளைச் சேர்த்துக் கிழிச்சிருப்பேன் என்று சொல்லிவிட்டு அப்பா வேனை எடுத்துப் போய்விட்டார்.

நான்காம் நாள் போலீஸ்காரர் பிடிவாரண்டோடு வாசலில் நின்றார். அவர் மகளும் அப்பா வேனில் போகிறவள்தான், அவருக்கே கூச்சமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வக்கீலோட போய் ரத்து பண்ணிடுங்க சார், இல்லேன்னா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடும் என்றார். அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். இவருக்கு எப்பவுமே மறதி சார், ஒருநாள் என்னையே எங்கயாவது மறந்து விட்டுட்டு வந்துடுவார் என்று சிரித்தேன். அப்பாவும் கூடவே சிரித்தார். மறுநாள் பையில் அந்தத் தாள் கிடைத்தது, முன்பக்கம் பதினான்காம் தேதி, வாய்தா என்று என் கையெழுத்து. உடனே காட்டியிருக்க வேண்டும். மறைத்துவிட்டேன். பிழை செய்வது அவர், கண்டுபிடிப்பது நான் என்றே இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன், அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்மேல் துளியும் தப்பில்லை, அதை நினைத்து அங்கே அழுதுகொண்டிருக்காதே.

நாளைதான் வெள்ளி. உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க, மறந்துட்டேன்னா ஜட்ஜ் பெயிலை ரத்து பண்ணி உள்ளே அனுப்பினாலும் அனுப்புவார் என்கிறார் வக்கீலம்மா. பொய் வேணாம்மா, மறந்தது மறந்ததுதான் என்கிறார் உன் அப்பா. அதோடு விட்டாரா? கோர்ட்டையே மறக்கிறவன் நாளைக்கு ஒரு பிள்ளையை வண்டியில வச்சுப் பூட்டிட்டு வந்தா என்ன ஆகும் என்று நேற்று என்னைக் கேட்டார். வேலையை விடுவதாகப் பள்ளிக்கு எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று அந்தச் சட்டையை இஸ்திரி போடும்போது எடுத்துப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று என்று எத்தனை முறை சொல்வது? அப்பாவிடம் பேசும்போது மறதி என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட எடுக்காதே. எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நல்லபடியாக இரு, என் தங்கமே.

உன் முகவரியை உறையில் எழுதிவிட்டேன், இனி அந்தத் தாள் எனக்குத் தேவையில்லை. நாளை கோர்ட்டுக்குப் போக பஸ்ஸில் ஏறியதும் அதை அப்பா கையில் கொடுப்பேன். அதன்பிறகு வக்கீலம்மா தடுத்தாலும், ஜட்ஜ் கேட்கும்போது எழுந்து நின்று அதை நீட்டப்போகிறவள் நான்தான். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன்
அம்மா