எங்க இருக்க, சத்யா?

ஜனவரி 19, ஞாயிறு

இன்று திருப்பரங்குன்றம் மலை. என் தோழிகள் காவ்யஸ்ரீயும் கனகாவும் காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பொங்கலுக்கு வாங்கிய கரும்பு ஒன்று மிச்சமிருந்தது. கனகா அதைக் கடித்துக்கொண்டே படியேறினாள். பாதி வழியில் ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. காவ்யா பயந்துபோய் அவள் வீட்டுப் பேச்சில், சௌராஷ்டிரத்தில், என்னவோ கத்தினாள். அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். சிரித்து வயிறு வலித்தது.

மேலே போனதும் அவர், சூர்யபிரகாஷ், கூப்பிட்டார். நிச்சயமானதிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறார், பாவம். போட்டோ கேட்டார், அனுப்பினேன். "யாரு எடுத்தா?" என்றார். மலைக்கு வந்திருந்த ஒரு அக்காதான் எடுத்தார். நான் செல்ஃபி என்றேன். எதற்குப் பொய் சொன்னேன்? தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

திருமலை நாயக்கர் மகால் பக்கம் காவ்யா வீட்டில் மதியச் சாப்பாடு. அவள் அம்மா சுந்தரவல்லி ஆன்ட்டி செய்யும் புளியோதரைக்காகவே அந்த வீட்டில் பிறந்திருக்கலாம். கனகா மூன்றாம் முறை வாங்கினாள். நான் நான்காம் முறை.

அவரிடமிருந்து போன். காவ்யாவுக்கு அண்ணன் உண்டா என்றார்.

"இருக்காருங்க, ஹரிஷ்குமார்னு. பெங்களூர்ல வேலை. ஊர்லயே இல்ல."

"இருந்தாலும் லொகேஷன் போட்டுவிடு சத்யா. எப்பவும் ஆன்லயே இருக்கட்டும். எனக்கு ஒரு நிம்மதி."

போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "எம்புட்டு அக்கறை! உங்கப்பா நான் எங்க இருக்கேன்னு ஒருநா கேட்டிருப்பாரா?" என்று அப்பாவை முறைத்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

பழங்காநத்தத்தில் பஸ் பழுதாகி நின்றது. "ஏன் ஒரே எடத்துல நிக்கிற?" என்று உடனே மெசேஜ். கண்டக்டர் இறங்கிப் பார்ப்பதற்குள் கோயம்புத்தூருக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கனகாவின் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். வாரக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தாள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மூவரும் போனோம். வயல் நடுவே பம்பு செட். தண்ணீர் முதுகில் அறைந்து விழுகிறது. நைட்டியோடு தொட்டிக்குள் இறங்கி ஆட்டமான ஆட்டம். காவ்யா மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்குவதும் எழுவதுமாக இருந்தாள்.

அப்போது வீடியோ கால். எடுக்கவில்லை. திரும்பவும். திரும்பவும். ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். குளிக்கிறோம், அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

"அதான் பாக்கணும். யார் யாரு இருக்கீங்கன்னு ஒரு சுத்து காட்டிட்டு வச்சிரு."

நான் காட்டினேன்.

காட்டினேன். கை தானாகத் திரும்பியது. கனகா தொட்டிக்குள் சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

"எங்க வயக்காட்டுல நான் குளிக்கிறத அந்தாளு எதுக்குடி பாக்கணும்?"

அவள் அம்மா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். மூவரும் தலை நிமிராமல் சாப்பிட்டோம். "என்னத்தா, ஒறப்பா இருக்கா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. தெப்பத்திருவிழா. கனகா வரவில்லை, தலைவலியாம். நானும் காவ்யாவும் போனோம்.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி அப்படியொரு கூட்டம். மின்விளக்கு ஜோடனையோடு தெப்பம் தண்ணீரில் மெல்ல நகர்ந்து வந்தது. குளத்துக்குள்ளே இன்னொரு தெப்பம் தலைகீழாக. கூட்டத்தில் சிக்னலே இல்லை. முதலில் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். பிறகு என்னவோ, தோள் இறங்கியது. ராட்டினத்தில் ஏறினோம். வாய்விட்டுக் கத்தினேன். மிளகாய் பஜ்ஜி தின்று கண்ணில் தண்ணீர்.

தெருமுனைக்கு வந்ததும் சிக்னலும் வந்தது. போன் கையில் துடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அவர் மட்டுமல்ல, அப்பாவும். நான் காணாமல் போய்விட்டதாக அவர் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடி அலைந்திருக்கிறார். பார்த்ததும் திட்டவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. "வண்டில ஏறு" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 12, புதன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு செட்டையும் சொன்னேன். மூச்சு முட்டுகிறது என்றேன்.

"கல்யாணம் ஆனா சரியாயிரும்டி. தூரத்துல இருக்கிறதாலதான் தவிக்கிறாரு."

கல்யாணம் ஆனால் தூரமே இருக்காதே அம்மா. இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எங்கும் போகவில்லை. "குட் கேர்ள்" என்று அனுப்பியிருக்கிறார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காவ்யா ஸ்டேட்டஸில் அழகர்கோவில். தோசையைப் பிய்த்துக்கொண்டு கனகா பல்லைக் காட்டுகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்தான் போயிருப்பேனா? நான் போனால் என்னோடு அவரும் அல்லவா போகிறார்.

வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? வைகாசிக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. உசிலம்பட்டிச் சொந்தம் முழுக்கத் தெரியும். என்ன காரணம் என்று சொல்வது? அவர் அடித்தாரா, குடிக்கிறாரா? அக்கறையாக இருக்கிறார் என்று யாரிடம் போய் புகார் சொல்வது?

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். போனில் நான் இருக்கும் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளி அசையாமல் இருந்தது. நானும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

விளக்குத்தூண் பக்கம் முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம், அம்மாவும் நானும். அரக்கு நிறத்தில் ஒன்று அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால். அம்மாவே வாங்கிப் பேசினாள், முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை, பக்கத்துல யாரோ ஆம்பள கை தெரிஞ்சுச்சே?"

"கடைக்காரத் தம்பி மாப்ள. பொடவை எடுத்துக் காட்டுறாரு."

"போனைத் திருப்புங்க, பாக்குறேன்."

அம்மா திருப்பினாள். கடைக்காரர் கையில் புடவையோடு அப்படியே நின்றார்.

"கடை முழுக்க ஒரு சுத்து காட்டுங்க அத்தை. ஆம்பளைங்க இருக்கிற எடத்துல எதுக்கு அவ தோள்ல போட்டுப் பாக்குறீங்க? உங்களுக்குத் தெரிய வேணாமா?"

அம்மா சுற்றிக் காட்டினாள். பக்கத்துக் குடும்பம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது. அம்மாவின் காது சிவந்துபோயிருந்தது. அன்று என் கை எப்படித் திரும்பியதோ, அப்படியேதான் அவள் கையும். போனை வைத்துவிட்டுப் புடவையை அவளே மடித்தாள்.

"இருக்கட்டும் தம்பி. இன்னைக்கு வேணாம்."

பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். "தெனமும் இப்படித்தானா?"

"ஆமா."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன்மா."

வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மார்ச் 10, திங்கள்

சமையலறையில் அப்பாவும் அம்மாவும் பேசியது காதில் விழுந்தது.

"முனீஸ்வரி, சொந்தக்காரங்க கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?"

"அந்தப் பய கேட்டதுக்கெல்லாம் நான் கடைல நின்னு பதில் சொன்னேன். சொந்தக்காரங்களுக்குச் சொல்ல முடியாதா?"

அப்பா டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அன்னைக்குத் தெப்பத்துல எம்புள்ளைய எவனோ கடத்திட்டான்னுதான் நெனச்சேன்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவும் பெரியப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். தட்டில் வைத்த நகையையும் புடவையையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சூர்யபிரகாஷ் ஒரே ஒரு மெசேஜ்தான் அனுப்பினார். "யாரு அவன்?" அதையே உசிலம்பட்டி அத்தையும் அம்மாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டார். அப்பா தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது.

லொகேஷனை அணைத்தேன். அவர் நம்பரை பிளாக்கும் செய்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கனகாவைத் தேடி ஹாஸ்டலுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ அமத்தியிருக்கலாம்ல? ஒரு பட்டன்தான?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு." வாளியை என் பக்கம் தள்ளினாள். "சும்மா நிக்காம புழி."

பிழிந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

கீழக்குயில்குடி. சமணர் மலையடியில் தாமரைக்குளம், ஆலமர நிழல், சுண்டல். கனகா இன்னும் முழுதாகப் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் வெயிலில் பாறை சுட்டபோது அவள் துப்பட்டாவை எனக்கும் சேர்த்து விரித்தாள். இரண்டு மூன்று முறை போன் அடிப்பது போலவே இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை.

இருட்டுவதற்குள் வீடு வந்தேன். அம்மா இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கே போனாய், யாரோடு போனாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்றும் தெரிந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். காலையில் பஸ் ஏறியதிலிருந்து ஒன்று விடாமல் நானே சொன்னேன்.