நீயும் பார்க்கல

பிப்ரவரி 9, திங்கள்

முதுகு விட்டுப்போய்விட்டது. பேராசிரியர் வாய் நிறையச் சொல்லும் ‘பங்கேற்று நோக்கல்’ இதுதான் போலிருக்கிறது. நோக்கியது கொஞ்சம், பங்கேற்றது முழுக்க. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சலவைக் கூடத்தில் ஒரு மாதமாகத் துணி பிரிக்கிறேன், மடிக்கிறேன். ‘மானிடவியல் ஆய்வு’ என்று சொல்லிக்கொண்டு வந்தவளை முதலில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்று பக்கத்தில் நிற்கும் குருவி என் தோளில் ஓர் இடி இடித்து, “ஏ நாத்தனாரே, தள்ளி நில்லு” என்றாள்.

ஆள்தான் குருவி. தொண்டை வெண்கலம்.

இங்கே ஒரே மேசையில் நிற்பவர்கள் நாத்தனார்கள். எதிர் மேசைக்காரிகள் சம்பந்திகள். மேற்பார்வைப் பெண் எல்லாருக்கும் அக்கா. பெரிய சலவை மெஷினுக்குப் பெயர் மாமியார்: “எவ்வளவு கொட்டினாலும் வயிறு நிறையாது, சத்தம் மட்டும் ஓயாது.” ரத்த சம்பந்தம் இல்லாத இந்த முறைகளைப் ‘புனைவுறவு’ என்று படித்திருக்கிறேன். நாத்தனாரை வாரலாம், அது ‘கேலி உறவு’. அக்காவை யாரும் வாருவதில்லை.

கல்யாணமே ஆகாமல் எனக்கு ஒரு நாத்தனார். அம்மாவிடம் சொன்னால் அழுவாளா சிரிப்பாளா?

பிப்ரவரி 12, வியாழன்

கூடத்தில் ‘ஊசி’ என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. வார்டிலிருந்து வரும் அழுக்குத் துணிக்குள் சில சமயம் போட்டு முடித்த ஊசி சிக்கிக் கிடக்கும். அதற்குப் பெயர் ‘முள்’. நான் தெரியாமல் ஊசி என்று சொன்னதும் சம்பந்தி ஒருத்தி வாயில் விரலை வைத்தாள்.

‘விலக்கு’. சொல்லக் கூடாத சொல். சொன்னால் வந்துவிடும் என்ற பயம். எனக்கு ஒரே சந்தோஷம், பாடப் புத்தகம் உயிரோடு எழுந்து நிற்கிறது என்று.

பிப்ரவரி 17, செவ்வாய்



காலையில் ஆபரேஷன் தியேட்டர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். குருவி “ஆ” என்றாள். அவ்வளவுதான். கையுறையைக் கழற்றினால் நடுவிரல் நுனியில் ரத்தம். துணியில் ஊசி பளபளக்கிறது. “முள்ளு” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்த வேகம்! ஒருத்தி அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். ஒருத்தி ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். இன்னொருத்தி குருவியின் இடத்தில் போய் நின்று துணி பிரிக்கத் தொடங்கினாள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அக்கா என் எதிரில் வந்து நின்றாள்.

“யாரும் எதையும் பாக்கல. நீயும் பாக்கல.”

“அக்கா, டாக்டர்கிட்ட...”

“போன வருஷம் ஒருத்தி போய்ச் சொன்னா. வீட்ல ஓய்வெடும்மான்னு காண்ட்ராக்டர் அன்பா அனுப்பி வெச்சாரு. இன்னும் ஓய்வுலதான் இருக்கா.”

புறவயமாகப் பார்த்தால் இது முட்டாள்தனம். அகவயமாக, அதாவது அவர்கள் கண்ணால் பார்த்தால், ஒருத்தியின் வேலையை எல்லாருமாகச் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். சரி. இரண்டும் தெரிந்து நான் என்ன கிழித்தேன்? போர்வை மடித்தேன்.

பிப்ரவரி 18, புதன்

பேராசிரியருக்கு போன் செய்தேன். யார், எங்கே என்று சொல்லாமல் கேட்டேன்.

“உன் பண்பாட்டை அளவுகோலா வெச்சு அவங்களை அளக்காதேம்மா. இனமையவாதத்துக்கு முதல் படி அதுதான். நீ பாக்கப் போனவ, திருத்தப் போனவ இல்ல.” பிறகு அவரே, “ஆனா உயிர் சம்பந்தப்பட்டதுன்னா... நீதான் முடிவு பண்ணணும்.”

நல்ல ஆலோசனை. கிணற்றில் கயிற்றை விட்டுவிட்டு நுனியையும் கைவிட்ட மாதிரி.

பண்பாட்டுச் சார்பியம் என்று தேர்வில் மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். ஒவ்வொரு வழக்கத்தையும் அந்தந்த மக்களின் இடத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். புரிகிறதே! புரிந்ததால் அந்த விரலுக்குள் போனது வெளியே வந்துவிடுமா?

நர்ஸ் ஒருத்தியிடம் பொதுவாகக் கேட்பது போல் விசாரித்தேன். ஊசி வழியாக எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க மருந்து இருக்கிறதாம். மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு பிரயோஜனமில்லையாம்.

மதியம் கழிவறை வாசலில் குருவியைப் பிடித்தேன்.

“என் பொழப்புல கை வெக்காத, நாத்தனாரே.”

“பாப்பாவுக்கு இன்னும் பால் குடுக்கிறதானே?”

முகம் அப்படியே மாறிப்போயிற்று. விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்விட்டாள். அடிக்கக் கூடாத இடத்தில் அடித்துவிட்டேன். தெரிந்துதான் அடித்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

வந்தாள். வேலை முடிந்ததும் அவளாகவே வந்து, “நட” என்றாள். வழியில் ஒரே நிபந்தனை: பேசுவது அவள், நான் வாயே திறக்கக் கூடாது. சரி என்றேன்.

மேலே அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பெண். களைத்த கண். “எங்க குத்துச்சு?”

“வீட்ல. ரவிக்கை தெக்கும்போது.”

“புது ஊசியா?”

“என்னோட ஊசிதான்.”

“அப்ப மருந்து எதுவும் வேண்டாம். கழுவினா போதும். போகலாம்.”

குருவி எழுந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கதவு வரைக்கும் போய்விட்டாள்.

“தையல் ஊசி இல்ல டாக்டர். தியேட்டர் துணியில இருந்த ஊசி. கீழ, சலவைக் கூடத்துல.”

என் குரல்தான். நான்தான் சொன்னேன்.

குருவி திட்டவில்லை, அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. டாக்டர் உடனே ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார், குழந்தைக்கு இப்போதைக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்றார். மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

அய்யோ, வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னேனே. சொல்லிட்டுத்தானே போனேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காண்ட்ராக்டரின் ஆள் காலையிலேயே வந்துவிட்டான். குருவியை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். அன்பாகத்தான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

என் மேசையில் நான் மட்டும். என் பக்கத்தில் வைத்த துணியை யாரும் தொடுவதில்லை. டீ நேரத்தில் நான் போனதும் எல்லாருக்கும் டீ குடித்து முடிந்துவிடுகிறது. தவிர்ப்பு உறவு என்றால் என்ன என்று கேட்டால் இனி பக்கம் பக்கமாக எழுதுவேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கோபமே இல்லை குரலில், அதுதான் தாங்கவில்லை.

“வந்தப்ப என்ன சொன்ன? வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திக்கிறேன்னு. சொன்னல்ல?”

“சொன்னேன்க்கா.”

“வேணாம். எங்களப் பத்தி எழுதாத.”

ஒப்புதல் என்பது கொடுப்பது மட்டுமில்லை, திரும்ப வாங்கிக்கொள்வதும்தான். இந்த டைரி தவிர, ஆய்வுக் குறிப்புகள் முழுவதையும் அழித்துவிட்டேன். ஒன்றரை மாத உழைப்பு. அழுகை வந்தது, உழைப்புக்காக இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

தப்பா? மறுபடி அதே அறையில் உட்கார வைத்தாலும் சொல்லுவேன். ஆனால் அவள் வேலை போனதும் நிஜம்தானே. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறேன், முள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 12, வியாழன்

குருவியிடமிருந்து போன்! நம்பரைப் பார்த்ததும் எடுக்கவே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அக்காவுக்கே முள் குத்தியிருக்கிறது. கட்டை விரல். வழக்கம் போல எல்லாரும் சூழ்ந்திருக்கிறார்கள். அக்கா கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றாளாம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “கெளம்புங்கடி எல்லாரும்” என்றாளாம். கூடமே மாடியேறி டாக்டரிடம் போயிருக்கிறது. துணி பிரிக்க ஆளில்லை, வார்டுக்குப் போர்வை இல்லை. எல்லாரையுமா ஓய்வெடுக்கச் சொல்ல முடியும்? குருவி, போன வருடத்துக்காரி, இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். தடித்த கையுறையும் வருகிறதாம்.

“ரொம்ப சந்தோஷம்” என்றேன்.

“அவங்க ஒண்ணும் உனக்காகப் போகல” என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 14, ஞாயிறு

புதிய ஆய்வுத் தலைப்பைத் தேடிக்கொண்டிருந்த மதியம் கதவு தட்டும் சத்தம். இடுப்பில் பாப்பாவோடு குருவி. கடைசி ரத்தப் பரிசோதனையும் சுத்தமாம். உட்காரச் சொல்லும் முன் உள்ளே வந்துவிட்டாள். அறை முழுக்கச் சுற்றிப் பார்த்தாள்.

“தனியாவா இருக்க? அம்மா ஏன் கூட இல்ல? கட்டில் ஏன் ஜன்னல் பக்கம் போடல? இவ்வளவு புக்கும் படிச்சியா, சும்மா அடுக்கி வெச்சிருக்கியா?”

கூடத்தில் நான் கேட்டது போலவே கேட்டாள்; ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பாதி புத்தகம் சும்மாதான் என்பதையும்.

“சாப்பிடுறப்ப தட்டுல போட்டுக்குவியா, அடுப்புல இருந்து எடுத்துப் பாத்திரத்தோடவேவா?”

“பாத்திரத்தோடதான்.”

“நெனச்சேன்” என்று பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டு, தட்டு தேடச் சமையலறைக்குள் போனாள்.