கோள் சொல்லாத மெஷின்

பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் போனில் அவ்வளவு சத்தமாகப் பேச முடியாது. போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் 'ஆனா' என்று ஆரம்பிக்கும்போதே நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். காகிதம் என்றால் எனக்கும் ஒரு பக்கம் கிடைக்கும்.

நீங்கள் வாங்கி அனுப்பிய வாஷிங் மெஷின் வந்து சேர்ந்தது. அழகுக்குக் குறைச்சல் இல்லை. வட்டக் கண்ணாடி, தொட்டால் ஒளிரும் பட்டன், முடிந்ததும் பாட்டு வேறு. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எச்சில் கையால் காக்கா ஓட்டாத ரகம். துணியை எடைபோட்டுப் பார்த்து, யோசித்து, மனசில்லாமல் கொஞ்சம் விடுகிறது. கனமாக இருந்தால் கூடக் கொடுக்குமோ என்று ஈரத் துண்டைப் போட்டு ஏமாற்றிக்கூடப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை ஓடி முடிய இரண்டே முக்கால் மணி நேரம். கதவைப் பூட்டிக்கொண்டால் பூட்டியதுதான். நம் பெண் சின்னவளின் ஒற்றை சாக்ஸ் வெளியே கிடந்தால் அதற்கு அடுத்த நாள்தான் விடிவு.

கடைவீதி முனையில் விடுதிகளுக்கும் சலவைக் கடைகளுக்கும் சாமான் கொடுக்கிற கடை இருக்கிறதே, அங்கே ஒன்று பார்த்தேன். மேலே மூடி, இரண்டு திருகு, நடுவில் தடித்த தண்டு. திரை கிடையாது, பாட்டும் கிடையாது. தொட்டி நிறையத் தண்ணீர், அரை மணியில் வேலை முடிந்தது. இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளட்டுமா?

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பிப்ரவரி 15

அன்புள்ள வாயாடிக்கு,

உன் 'ஒரு பக்கம்' வந்தது. மூன்று பக்கம் இருந்தது.

அந்த மெஷினை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் படித்து எடுத்தேன். நாள் பூராவும் துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்து ஊரார் பெட்டியைத் தூக்குகிறவனுக்கு, தன் வீட்டுக்கு நல்லதாக ஒன்று அனுப்ப ஆசை இருக்காதா? லாட்ஜில் வைக்கிற மெஷினை வீட்டில் வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இன்னொன்று தெரியுமா? அது என் போனோடு பேசும். துவைத்து முடித்ததும் 'துணியை எடுக்கவும்' என்று எனக்குச் செய்தி வரும். இவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நம் வீட்டுத் துணி முடிந்துவிட்டது என்று தெரியும்போது, ஏதோ நானும் பக்கத்து அறையில் இருப்பது போல ஒரு சந்தோஷம்.

ஆனால் செவ்வாயும் வியாழனும் காலையில் முடிந்த துணியை மதியம் வரை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் நீ எங்கே போகிறாய்?

உன்,
கிரேன்காரன்

பிப்ரவரி 24

அன்புள்ள உங்களுக்கு,

கோள் சொல்லிவிட்டதா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இது பாடுகிற மெஷின், வீட்டை மட்டும் கெடுத்ததே என்று சந்தோஷப்படுகிறேன்.

நான் பஸ் ஓட்டப் பழகுகிறேன். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மேல் வரிக்குப் போக வேண்டாம், பஸ்தான். நகரப் பேருந்துக் கம்பெனியில் பெண்களையும் ஓட்டுநராக எடுக்கிறார்கள். முதல் சுற்றில் தேறிவிட்டேன். மார்ச் இருபதாம் தேதி கடைசித் தேர்வு. அதில் தேறினால் வேலை.

உங்களிடம் சொல்லாதது எனக்கே உறுத்துகிறது. சொன்னால் வேண்டாம் என்பீர்கள், நானும் பேசாமல் இருந்துவிடுவேன் என்று பயம். அந்தப் பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்காரும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை.

மெஷின் கதையும் இதுதான். பழகும்போதே சீருடை கொடுத்துவிட்டார்கள், இரண்டே செட், அதுவும் கெட்டித் துணி. காலை முறை என்றால் விடியும் முன் கிளம்ப வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரம் பாட்டுக்குக் காத்திருந்தால் பஸ் போய்விடாது, ஏனென்றால் ஓட்ட வேண்டியவளே வீட்டில் நின்றுகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பி.கு: அங்கே உங்கள் குவார்ட்டர்ஸில் நீங்கள் எதில் துவைக்கிறீர்கள்? சொல்லவே இல்லையே.

மார்ச் 5

அன்புள்ள மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி ஒரு மெஷின் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதுதான் சுடுகிறது.

பஸ் ஓட்டுவது விளையாட்டு இல்லை. நீ விடியும் முன் கிளம்பினால் சின்னவளை யார் பார்ப்பது? தேர்வுக்குப் போகாதே. மே மாதம் விடுப்பில் வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம். அதுவரை மெஷினும் அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்

மார்ச் 23

அன்புள்ள உங்களுக்கு,

தேறிவிட்டேன்!

மறைத்தது தப்பு. அதற்கு எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 'போகாதே' என்ற ஒன்றை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போனேன்.

பஸ்ஸைப் பின்பக்கமாக வளைத்து இரண்டு டிரம்முக்கு நடுவில் நிறுத்த வேண்டும். எனக்கு முன்னால் போனவர் ஒரு டிரம்மை உருட்டிவிட்டார். நான் ஏறியதும் தேர்வாளர், "மெதுவாப் போங்கம்மா, பயப்படாதீங்க" என்றார்.

"பயம் எனக்கு இல்லீங்க சார், அந்த டிரம்முக்குத்தான்."

ஒரே திருப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் இறங்கி முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பண்ணுங்க, நான் சரியாப் பாக்கல" என்றார். இன்னொரு தடவையும் அதே இடத்தில் நின்றது. கூட வந்த பெண்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்திருப்பேன், கை ஸ்டீயரிங்கில் இருந்தது.

காலையில் சின்னவளைக் கீழ்வீட்டு டீச்சர் தன்னோடு பள்ளிக்கு அழைத்துப் போகிறார். உங்கள் மெஷினும் இப்போது அவர் வீட்டில்தான். ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார். தனி ஆள், அவசரம் கிடையாது, அது பாடினால் கூடவே பாடுகிறார். இனி உங்களுக்கு வருகிற செய்தியெல்லாம் டீச்சர் துணி பற்றியது. எடுக்கச் சொல்லி அவருக்குப் போன் பண்ணிவிடாதீர்கள்.

அந்தக் காசோடு கடைவீதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் விற்க மாட்டேன் என்கிறார்! "வீட்டுக்கு இது வேணாம்மா. ஹாஸ்டலுக்குப் போற சரக்கு. சத்தம் போடும்."

"சத்தம் போடுற ஆளு வெளிநாட்டுல இருக்காரு. அந்த இடம் காலியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மூடியை மட்டும் திறந்து காட்டினார். நான்தான் எல்லாவற்றையும் திறக்க வைத்தேன். பின் பலகையைக் கழற்றச் சொல்லி மோட்டாரையும் பெல்ட்டையும் பார்த்தேன். கெட்டால் நம் தெரு மெக்கானிக்கே சரிசெய்வார். தொட்டியைத் தட்டினேன், கணீரென்று எஃகு. ஓடும்போதே மூடியைத் திறந்தேன், நின்றது. ஒரு துணியைப் போட்டு மூடினேன், விட்ட இடத்திலிருந்து ஓடியது. பிழியும்போது மட்டும் திறக்காது, அது நியாயம். வீட்டில் வைத்தாலும் வாரண்டி உண்டா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கினேன். தண்ணீர் கொஞ்சம் அதிகம் குடிக்கும், மறைக்கவில்லை. கடைசி அலசல் தண்ணீரைப் பிடித்து மாடிப்படி கழுவுகிறேன்.

முதல் நாளே சீருடையின் கிரீஸ் கறை போய்விட்டது. கொடியில் அதைக் காயப்போட்டு, கீழே நின்று பைத்தியம் போல் தனியாகச் சிரித்தேன். என் சீருடை, என் மெஷின். அந்த நேரத்தில் நீங்களும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

அங்கே எதில் துவைக்கிறீர்கள் என்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

ஏப்ரல் 6

அன்புள்ள ஓட்டுநர் அம்மாவுக்கு,

பதில்: மேலே மூடி. இரண்டு திருகு. நடுவில் தடித்த தண்டு.

எட்டு வருஷமாக நான் அதில்தான் துவைக்கிறேன். குவார்ட்டர்ஸ் முழுக்க அதில்தான் துவைக்கிறோம், ஒருநாளும் அது படுத்ததில்லை. முதல் கடிதத்திலேயே நீ சொன்னது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை செய்கிறவனுக்கு அந்த மெஷின், வீட்டில் இருக்கிறவளுக்கு அழகு மெஷின் என்று நானாகவே பிரித்து வைத்திருக்கிறேன். நீயும் வேலை செய்கிறவள்தான் என்பது இந்த மண்டையில் ஏற இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. மார்ச் மாதம் எழுதியதைக் கிழித்துப் போடு.

டிரம் கதையை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் மேஸ்திரி, "நீ கிரேனை ரிவர்ஸ் எடுக்கறதைவிட அந்தம்மா நல்லா எடுக்கும் போலயே" என்றார். "என் பெண்டாட்டிய்யா" என்றேன். அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வைத்துவிட்டார்கள். மனசு நிறைந்து கிடக்கிறது. கொஞ்சம் பயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அனுபவஸ்தன் சொல்கிறேன்: தொட்டியை அமுக்கி நிரப்பாதே, முக்கால் போதும்.

முதல் நாள் சென்னையில் விமானம் இறங்கி, மே ஒன்பதாம் தேதி காலை ரயிலில் நம் ஊருக்கு வந்து இறங்குகிறேன். சின்னவளை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவாயா?

உன்,
கிரேன்காரன்

ஏப்ரல் 18

அன்புள்ள உங்களுக்கு,

வர மாட்டேன். அன்று எனக்குக் காலை முறை.

நீங்களே வாருங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே, டாக்ஸிக்காரர்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல், இடது பக்கம் பஸ் நிற்கிற இடத்துக்கு நடங்கள். பதினான்காம் நம்பர் வரும். சின்னவள் முன் சீட்டில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். பெட்டியை நீங்களேதான் தூக்கி ஏற்ற வேண்டும், என்னால் சீட்டை விட்டு இறங்க முடியாது. டிக்கெட் எடுங்கள். ஓட்டுநருக்கு வேண்டியவர் என்று கண்டக்டரிடம் ஆரம்பிக்காதீர்கள். திருப்பத்தில் 'மெதுவா, மெதுவா' என்று சொல்லக் கூடாது. கண்ணாடியில் நான் உங்களைப் பார்ப்பேன், பார்த்துச் சிரிக்கவும் செய்வேன். ஆனால் பார்வை உடனே ரோட்டுக்குப் போய்விடும், தப்பாக நினைக்க வேண்டாம்.

நம் தெரு நிறுத்தம் வருவதற்கு முன்னால் மறக்காமல் மணியடியுங்கள். மணியடிக்காமல் நான் யாருக்காகவும் வண்டியை நிறுத்துவதில்லை.

காத்திருக்கும்,
உங்கள் வாயாடி