என் கை போடாத கையெழுத்து

5 ஜூன் 2023

இன்றும் பிரபாகர் செக் புத்தகத்தோடு வந்தான். உத்தியோகம் ஊராட்சிச் செயலர். நடந்துகொள்வது தலைவர் கோவிந்தன் வீட்டு ஆள் மாதிரி. வண்டியை அணைக்கமாட்டான். தெருவிலிருந்தே ஹாரன் அடிப்பான். நான் தையல் மிஷினை விட்டு எழுந்துபோய், அவன் வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். துணைத்தலைவி என்றால் இவ்வளவுதான்.

இன்று ஹாரனுக்கு எழவில்லை. கையிலிருந்த ஜாக்கெட்டை முடித்துவிட்டுத்தான் போனேன். மூன்று செக். ஒன்று குடிநீர் மோட்டார் எரிந்து, புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய செலவாம், நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு. ஜனவரியில் கட்டினார்கள். மார்ச்சில் கட்டினார்கள். ஒரே மோட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு பிரசவமா அதற்கு?

"பில் எங்க?"

"ஆபீஸ்ல இருக்குதுங்க."

"பில்லோட வா."

சிரித்தான். "தலைவரு போட்டுட்டாருங்க. பக்கத்துல நீங்க போட்டாப் போதும்."

மற்ற இரண்டில் போட்டேன். இதில் போடவில்லை. தலைவர், துணைத்தலைவர் இரண்டு பேரும் போட்டால்தான் பேங்கில் வாங்குவார்கள். அந்தச் சட்டம் எழுதியவன் நன்றாக இருக்கட்டும்.

9 ஜூன்

கோவிந்தனே வந்தான். மூன்றரை வருடத்தில் எங்கள் தெருவுக்கு முதல் தடவை. வீட்டுக்குள் வரவில்லை, வரவும் மாட்டான். என் வீட்டுக்காரர் அருள்குமாருடைய லோடு ஆட்டோ பக்கத்தில் நின்று அவரிடம் பேசினான்.

"உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி வெய்யி, அருளு. மெம்பருங்க எல்லாம் என் பேச்சக் கேட்டுத்தான் அவளுக்கு ஓட்டுப் போட்டாங்க. கையெழுத்துப் போடத்தான் துணைத்தலைவி ஆக்கனது. கணக்குப் பாக்கறதுக்கா?"

நான் மூன்று அடி தூரத்தில் நிற்கிறேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவன் சொன்னதைவிட அதுதான் எரிகிறது. அருள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஓட்டும் மஞ்சள் லோடெல்லாம் கோவிந்தன் களத்திலிருந்து அரூருக்குப் போவது. எனக்கும் தெரியும்.

10 ஜூன்

அருளுக்கு இன்று லோடு இல்லை.

28 ஜூன்

செல்லி குழாயடியில் வைத்து என்னைக் கிழித்துவிட்டாள். தெருக்கூட்டும் வேலை அவளுக்கு. அவளுக்கும் கூட வேலைசெய்யும் ஆறு பேருக்கும் போன மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

"ஏன்டி மலரு, உன் கை என்னா ஒடிஞ்சா போச்சு? நீ கையெழுத்துப் போடமாட்டேங்கறியாமே. நாங்க என்னாத்தத் திங்கறது?"

சம்பளச் செக் என்னிடம் வரவே இல்லை. கோவிந்தன் புத்தகத்தைத் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, பழியை என் மேல் போட்டிருக்கிறான். சொன்னேன். நம்பவில்லை. "அப்ப வா, எல்லாருமாப் போய்க் கேக்கலாம்" என்று கூட்டிப்போனேன். ஏழு பேரும் கோவிந்தன் வாசலில் துடைப்பத்தோடு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் புத்தகம் வந்தது. சம்பளச் செக்கில் போட்டேன். அதற்கு அடியிலேயே, கிளிப் மாட்டி, அந்த மோட்டார் செக்! என்ன நெஞ்சழுத்தம். அதைக் கழற்றி பிரபாகர் கையில் கொடுத்தேன்.

என் கை படாமல் அந்தத் தாள் பத்து பைசா நகராது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

11 ஜூலை

பிரபாகர் சிரித்த முகமாக வந்தான். நல்ல சேதி இல்லை என்று அப்போதே தெரிந்தது.

"இனிமே செக்கே கெடையாதுங்க. எல்லாம் ஆன்லைன். உங்களுக்கும் செரமமில்ல, எனக்கும் பெட்ரோல் மிச்சம்."

பென் டிரைவ் மாதிரி ஒன்று வருமாம். டாங்கிள் என்கிறார்கள். என் கையெழுத்து அதற்குள் இருக்குமாம். கம்ப்யூட்டரில் செருகி, பின் நம்பர் அடித்து, போனுக்கு வரும் நம்பரைப் போட்டால் பணம் போய்விடும். போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டான். இதுதான் நீங்கள் பேனாவில் போடும் கடைசிக் கையெழுத்து என்று வேறு சொன்னான், தமாஷாம்.

அருளிடம் சொன்னேன். "டீக்கடையிலகூட ஸ்கேன் பண்றாங்க. நீயே நூலுகண்டுக்கு போன்லதான குடுக்கற? இதுக்குப் போய் சண்டையா?"

லோடு போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பேசுகிறார். டீக்காசு என் காசு. சடாரென்று போகட்டும். ஊர்ப்பணம் அப்படிப் போகலாமா? நாலு இடத்தில் நின்று, ஏன் எதற்கு என்று ஒருத்தருக்காவது பதில் சொல்லிவிட்டுப் போகவேண்டாமா?

2 ஆகஸ்ட்

தர்மபுரியில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. தலைவர்கள், துணைத்தலைவர்கள் ஒரு நூறு பேர். உடம்பு சரியில்லை என்று கோவிந்தன் வரவில்லை. காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை படம் போட்டுக் காட்டினார்கள். டாங்கிளை எப்படிச் செருகுவது, எங்கே அழுத்துவது. "செக்கெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்ல மியூசியத்துலதான் பாக்கணும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் டாங்கிள் எங்கே என்று கேட்டேன். உங்கள் செயலர் போன வாரமே கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய்விட்டாரே என்றார்.

3 ஆகஸ்ட்

பிரபாகரைக் கேட்டால், "இன்னும் வரலீங்க." பொய்யைக்கூட எச்சில் விழுங்காமல் சொல்கிறான்.

15 ஆகஸ்ட்

கிராம சபை. பள்ளிக்கூடத்துப் பந்தலில் பிரபாகர் வரவுசெலவு படித்தான். மோட்டார் காயில் கட்டிய வகையில் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு, கொடுத்தாயிற்று.

எழுந்தேன். "யாரு கையெழுத்துப் போட்டது?"

"நீங்கதாங்க. சிஸ்டத்துல இருக்குது பாருங்க." ஒரு தாளைத் தூக்கிக் காட்டினான். என் பேர். ம. மலர்விழி, துணைத்தலைவர். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக்.

கோவிந்தன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். முதல் தடவையாக நேராக என் கண்ணைப் பார்த்தான். "என்னா மலரு, அதுக்குள்ள மறதி வந்துருச்சா?" பந்தலே சிரித்தது. செல்லியும் சிரித்தாள். பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "பங்கு வாங்கிக்கினு நடிக்கறா."

நான் போடல. நான் போடல. எத்தன தடவ கத்துனேன். ஒருத்தராவது கேக்கணுமே? பச்ச டிக்க நம்பறாங்க, என்ன நம்பமாட்டேங்கறாங்க. நாசமாப் போக. ரெண்டு பேரும் நாசமாப் போக.

16 ஆகஸ்ட்

காகிதமாக இருந்தால் கள்ளக் கையெழுத்து என்று காட்டலாம். வளைவு தப்பியிருக்கும், அழுத்தம் மாறியிருக்கும். இதில் கள்ளனும் போடுவது என் கையெழுத்துதான். எதை வைத்து இல்லை என்பேன்?

அருள் சாப்பிடும்போது, "உட்டுரு மலரு, ராஜினாமாப் பண்ணிரு. கோயிந்தன் லோடாவது குடுப்பான்" என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கெட்ட மனுஷன் இல்லை அவர். ஆனால் இன்றைக்கு அவரையும் பிடிக்கவில்லை.

22 ஆகஸ்ட்

பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனேன். பெரிய அதிகாரி இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் கலைமதி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கேட்க மனமில்லாமல்தான் கேட்டாள். பிறகு ஊராட்சிப் பேரை அடித்துப் பார்த்தாள்.

"நீங்கதான் ஓகே பண்ணியிருக்கீங்க."

"நான் அந்தச் சாமானக் கண்ணாலகூடப் பாக்கலீங்க."

"ரெண்டாந்தேதி, காலைல பதினொன்னு நாப்பத்திரண்டுக்குப் பண்ணியிருக்கீங்களே."

"நேரம்கூடவா இருக்குது அதுல?"

"நிமிஷம், செகண்டு எல்லாம் இருக்கும்க்கா."

இரண்டாம் தேதி. இரண்டாம் தேதி பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் தர்மபுரி மண்டபத்தில் உட்கார்ந்து, டாங்கிளை எப்படிச் செருகுவது என்று படம் பார்த்துக்கொண்டிருந்தேன்! எனக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்திலேயே இங்கே என்னைச் செருகிவிட்டார்கள்.

சொன்னேன். கலைமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்துபோய், அவர்கள் யூனியனுக்கான பயிற்சிப் பதிவேட்டைத் தேடி எடுத்து வந்தாள். முப்பத்தொன்றாவது வரிசை. நீல மையில் என் கையெழுத்து. பிறகு எந்த போனுக்கு நம்பர் போயிருக்கிறது என்று பார்த்தாள். அது என் போன் இல்லை. பிரபாகரின் இரண்டாவது நம்பர்.

"எழுதிக் குடுங்கக்கா. இப்பவே குடுங்க, நான் உள்ள வெக்கறேன்."

நின்றபடியே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிரபாகரிடம் இருக்கும் டாங்கிளை முடக்கவும் சொன்னேன்.

30 செப்டம்பர்

விசாரணை முடிந்தது. பதிவேட்டு ஜெராக்சும் கம்ப்யூட்டர் தாளும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிரபாகர் முகம் வெளுத்துவிட்டது. கோவிந்தன் மட்டும், "எனக்கென்னங்க தெரியும், பையன் ஏதோ அவசரத்துல பண்ணிட்டான்" என்று ஒரே வரியில் கழன்றுகொண்டான். பிரபாகர் எல்லாவற்றையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். பணம் கணக்குக்குத் திரும்பியது. அவனுக்கு வேறு ஊராட்சிக்கு மாற்றல். தண்டனையாம்! கோவிந்தன் தலைவராகவே இருக்கிறான்.

என் பேருக்குப் புது டாங்கிள் என் கையிலேயே கொடுத்தார்கள். இந்தச் சாமானைத் திட்டி மேலே எழுதியதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அடிக்கப் போவதில்லை. ஆனால் அது நிமிஷத்தைக் குறித்து வைத்திருக்காவிட்டால் நான் திருடிதான்.

செல்லி குழாயடியில் எனக்கு முன்னால் நின்றாள். என் குடத்தை முதலில் நகர்த்தி வைத்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை.

7 அக்டோபர்

அருள் மொரப்பூர் சிமென்ட் கடையில் லோடு பிடித்துவிட்டார். கோவிந்தன் களத்துப் பக்கம் இனி போகமாட்டாராம். அவராகவே சொன்னார்.

19 அக்டோபர்

மிச்சமிருக்கும் செக் தாளையெல்லாம் பேங்கில் ஒப்படைக்கவேண்டும் என்று கடிதம் வந்ததால், புதுச் செயலரோடு பஸ்ஸில் போனேன். பிரியதர்ஷினி என்று பேர், நல்ல பெண். ஜன்னல் சீட்டு எனக்குக் கொடுத்தாள்.

"அக்கா, ஒவ்வொரு பில்லுக்கும் நீங்க தையல உட்டுட்டு எதுக்கு அலையணும்? பின் நம்பரு சொல்லிட்டீங்கன்னா நானே போட்டுக்கறேன். உங்ககிட்டக் கேக்காமப் போடமாட்டேன்க்கா."

அவள் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. சொல்லியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் நிறுத்தம் வந்து இறங்கினோம்.

பேங்கில் மூன்று புத்தகம். இரண்டில் வெறும் தாள்தான். மூன்றாவது ஒரு பழைய திட்டக் கணக்கு, மூன்று வருடமாகப் பணமே வராதது. அந்தப் புத்தகத்தைப் பிரித்த பேங்க் அம்மா, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஏழு தாள். ஏழிலும் என் கையெழுத்து. தேதி இல்லை, பேர் இல்லை, தொகை இல்லை.

நான் போட்டதுதான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. 2020-இல் பதவிக்கு வந்த முதல் வாரம். பிரபாகர் மைசூர்பாகு வாங்கி வந்து, "அக்கா அக்கா" என்று எவ்வளவு பணிவாக இருந்தான். "பத்துத் தாள்ல போட்டு வெச்சுட்டீங்கன்னா உங்களத் தொந்தரவு பண்ணவேண்டியதில்ல." போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன். நமக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டதே என்று. மூன்றை எதற்கு எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழு தப்பித்தது அந்தக் கணக்கில் பணம் வராததால், என்னால் அல்ல.

என் கை படாமல் நகராது என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் கூசுகிறது.

பேங்க் அம்மா, "கிழிச்சுப் போட்டுடலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏழு தாளிலும் குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதினேன். ஒப்படைப்புக் கடிதத்தில், இவை 2020-இல் நான் தொகை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தவை என்று ஒரு வரி சேர்த்தேன். கோவிந்தன் கையில் கிடைத்தால் ஊர் முழுக்கப் படித்துக் காட்டுவான். காட்டட்டும்.

பிரியதர்ஷினி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "ஆபீசுக்கு எத்தன மணிக்குக்கா வருவீங்க?" என்றாள்.

நாளைக்குப் பத்து மணிக்குப் போகவேண்டும். நான்கு பில் இருக்கிறதாம்.