உள்ளே தள்ளிப் போட்ட கோடு

ஜூன் 3, செவ்வாய்

டீச்சரின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், 412 சதுர மில்லிமீட்டர் புண். நானே அளந்தேன். நர்ஸ் பெண் அளந்தது 410. என் மகன் வயதுகூட இல்லாத பெண், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டு போடும் பொட்டலத்தில் வரும் கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்து, அதைக் கட்டம் போட்ட தாளில் வைத்துக் கட்டங்களை எண்ண வேண்டும். முப்பத்தொரு வருடம் நிலம் அளந்த சர்வேயருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? ஓய்வுபெற்ற பின் எனக்குக் கிடைத்த முதல் நிலம் என் மனைவியின் பாதத்தில் இருக்கிறது. ஊரே அவளை டீச்சர் என்பதால் நானும் அப்படியே. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. போன மாதம் கோடைப் பயிற்சி நாளில் ஷூவுக்குள் ஒரு போர்டு பின் கிடந்திருக்கிறது. அது காலில் குத்தியிருக்கிறது தெரியாமலே காலையிலிருந்து மதியம்வரை மைதானத்தில் நடந்திருக்கிறாள். சாக்ஸைக் கழற்றி ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பதினான்கு வருட சர்க்கரை. பாதம் ராத்திரியெல்லாம் எரியும், ஆனால் ஊசி குத்தினால் தெரியாது. என்ன நியாயமோ.

கால் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நாலு வாரத்துல பாதியாகணும். ஆகலேன்னா எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும். விரலை எடுக்கிற பேச்சு வரும்" என்றார். வாரம் மூன்று நாள் சிவப்பு வெளிச்சம் காட்டுவார்களாம். "வெளிச்சம் ஒரு கை கொடுக்கும் சார். மீதி வேலை சர்க்கரைக் கட்டுப்பாடும் காலுக்கு ஓய்வும்தான்."

412-இல் பாதி 206. தாளின் மேலே சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் வெளிச்சம். திரை போட்ட சின்ன அறை, ஒரு சாய்வு நாற்காலி. உள்ளங்கை அகலத்தில் வரிசை வரிசையாகக் குட்டி விளக்குகள் பதித்த ஒரு கருவி, அதைப் புண்ணுக்கு நேரே நிறுத்தி எட்டு நிமிடம். பிறகு எரிச்சலுக்காக இரண்டு பாதங்களையும் சுற்றி விளக்குப் பட்டை, இருபது நிமிடம். எங்கள் இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி.

"சூடே இல்லையே. இது வேலை செய்யுதா, சும்மா கலர் காட்டுதா?" என்றாள் டீச்சர்.

"பாதி வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது மேடம்" என்றது நர்ஸ் பெண்.

"அப்போ எனக்கும் பாதி நம்பிக்கைதான்."

வீட்டுக்கு வரும்போது, புண்ணில் பாரம் விழாதபடி தாங்கும் சாம்பல் நிற பூட்ஸ். முழங்காலுக்குக் கீழ்வரை வரும். குளியலறைக்குப் போனாலும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். முடிந்தவரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக மைதானத்தில் உட்காராத பெண்ணிடம் இதைச் சொல்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

438.

கூடியிருக்கிறது. இரண்டு முறை எண்ணினேன். ஓரத்தில் தடித்திருந்த செத்த தோலை டாக்டர் செதுக்கியதால் அப்படித்தான் தெரியுமாம். தெரியும், புரிகிறது, இருந்தாலும் சோறு இறங்கவில்லை. டீச்சர் நன்றாகவே சாப்பிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

351. நர்ஸ் பெண் 360 என்கிறது. எதுவாக இருந்தாலும் இறங்கியிருக்கிறது. டாக்டர் என் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சார், எங்க ஆளுங்களே இவ்வளவு சுத்தமா பண்றதில்ல" என்றார். தாள்களை நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன். ஆட்டோ ஏறியதும் டீச்சர், "இந்த முகத்தை வீட்டுக்குப் போறவரைக்கும் இப்படியே வெச்சுக்கோங்க, அழகா இருக்கு" என்றாள்.

ஜூன் 21, சனி

காலையில் எழுந்ததும் சொன்னாள்: "நேத்து எரிச்சல் பத்துக்கு நாலுதான்." முன்பு எட்டு என்பாள். போர்வை பட்டாலே உதறுகிறவள் விடியும்வரை தூங்கியிருக்கிறாள். டாக்டரிடம் சொன்னேன். "எரிச்சல் குறையும். மரத்த உணர்ச்சி திரும்பி வரும்னு மட்டும் நம்பிடாதீங்க. தினமும் ஷூவுக்குள்ள கையை விட்டுப் பாக்குற பழக்கம் வேணும்" என்றார். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

நான் 268. அந்தப் பெண் 318.

ஐம்பது வித்தியாசம்! கேட்டேவிட்டேன். "நீ கோட்டை எங்கம்மா போடுற?" என்றேன். "இந்தப் பக்கம் வெள்ளையா இருக்கே சார், அது ஆறின தோல் இல்ல. தண்ணில ஊறின மாதிரி இருக்கிற தோல். அதையும் சேத்துத்தான் போடணும்" என்றது. அது புதுத் தோல் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நான் சங்கிலி பிடித்து நிலம் அளந்த காலத்தில் இவள் பிறக்கவே இல்லை. டீச்சர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "ரெண்டு பேரும் என் காலை விட்டுட்டு வெளியே போய்ச் சண்டை போடுங்க" என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் டீச்சர் குளிக்கப் போனபோது நான்கு வாரத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் தாளையும் பிரதி எடுத்து வந்திருந்தேன், தப்பு கண்டுபிடிக்கத்தான். மூன்று பக்கமும் இரண்டு பேர் கோடும் ஒட்டிக்கொண்டு போகின்றன. வெளிப்பக்கம் மட்டும் என் கோடு உள்ளே தள்ளிப் போகிறது. இரண்டாவது வாரம் ஒரு மயிரிழை. மூன்றாவது வாரம் நன்றாகவே தெரிகிறது. அங்கே ஓரம் எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பேனாவை உள்ளே விட்டிருக்கிறேன்.

டீச்சரின் அண்ணன் நிலத்தை அளந்தவன் நான். ஒன்றரை அடி பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொந்தம் என்று கல் நட்டுக் கொடுத்தேன். மச்சான் இரண்டு வருடம் என் வீட்டில் கை நனைக்கவில்லை. அப்போது நடுங்காத கை, ஒரு விரலுக்காக இப்படிப் பண்ணியிருக்கிறது. என்னடா இது?

நாளை மறுநாள் நாலாவது வாரம். இதே போக்கில் போட்டால் 206-க்குக் கீழே வந்துவிடும். டாக்டர் என் தாளைத்தான் நம்புகிறார்.

ஜூன் 30, திங்கள்

சொன்னால் விரல் போகுமோ? சொல்லாவிட்டால் கால் போகும்.

ஜூலை 1, செவ்வாய்

பேனாவைப் பிடித்ததுமே கை உள்ளே போகப் பார்த்தது. அந்தப் பெண்ணையே தாளைப் பிடிக்கச் சொல்லி, வெள்ளை ஓரத்துக்கு வெளியே வரைந்தேன். 249. அந்தப் பெண் 251.

பாதியாகவில்லை.

டாக்டரிடம் போன வாரத் தாளையும் கொடுத்தேன். "இது நான் தப்பா போட்டது. தெரிஞ்சே போட்டேன்" என்றேன். நர்ஸ் பெண்ணிடமும் சொன்னேன். சொல்லும்போது டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் சொந்த மகனையே ஃபவுல் ஸ்டார்ட் என்று வெளியே அனுப்பியவள் அவள்.

டாக்டர் கோபப்படவில்லை. தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு பக்கம் நல்லா உள்ள வந்திருக்கு. வெளிப்பக்கம் நாலு வாரமா நகரவே இல்ல. அங்க மட்டும் தோல் ஊறி நசுங்கியிருக்கு. ஏதோ அழுத்துது. பூட்ஸ் அழுத்தாது." பிறகு டீச்சரைப் பார்த்தார்.



"நான்தான்" என்றாள் டீச்சர். "இவர் காலைல பால் வாங்கப் போவார். இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். பூட்ஸைக் கழட்டிட்டு மாடிக்குப் போயிடுவேன். எதிர்ல ஸ்கூல் கிரவுண்ட். ரிலே டீம் பிராக்டிஸ். வாட்ச் வெச்சு டைம் எடுத்து அனுப்புவேன். புண்ணுல படாம, வெளிப்பக்கமா சாய்ஞ்சுதான் நின்னேன்."

புத்திசாலித்தனம்தான். புண்ணை மிதிக்காமல் புண்ணின் ஓரத்தை மிதித்திருக்கிறாள். வலி தெரியாத காலுக்கு இரண்டும் ஒன்றுதானே. அந்த ஓரத்தைத்தான் நான் கோடு போட்டு மறைத்திருக்கிறேன்.

"ரெண்டு பேரும் ஃபவுல்" என்றாள் அவளே.

எலும்பைப் படம் எடுத்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. டாக்டர் இன்னும் இரண்டு வாரம் கொடுத்தார். ஒரு நிபந்தனை: பூட்ஸ் பட்டைகளின்மேல் பிளாஸ்டர் சுற்றி, அதன்மேல் கையெழுத்து. வெளிச்ச அறையில் மட்டும்தான் பிரிப்பார்கள். முதல் கையெழுத்தை நர்ஸ் பெண் போட்டது. இரண்டாவதை என்னைப் போடச் சொன்னார் டாக்டர்.

"இவரையா நம்புறீங்க?" என்றாள் டீச்சர்.

"இன்னைக்கு வந்து சொன்னாரில்ல மேடம்."

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நானும்தான்.

ஜூலை 2, புதன்

பால் இனி வீட்டுக்கே வரும்.

ஜூலை 15, செவ்வாய்

163. அந்தப் பெண்ணும் 163. டாக்டர் விரல் பேச்சை எடுக்கவே இல்லை. வெளிப்பக்கமும் நகர ஆரம்பித்துவிட்டது. மாடிக்குப் போகாததால் டீச்சர் ரிலே பிள்ளைகளை ஜன்னலுக்குக் கீழே வரவழைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி திட்டுகிறாள். தெருவே ஒழுங்காகிவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

71. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. போன மாதம் அந்தப் பெண் என் ஏழு தாள்களைக் கேட்டது, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நல்லவற்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். டீச்சர் பார்த்துவிட்டு, "அந்த மூணாவது வாரத்துத் தாள் எங்க?" என்றாள். அதையும் சேர்த்துக் கொடுத்தேன். சரியான கோட்டைச் சிவப்பில் போட்டு, அடியில் 'இது தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இப்போது அது வெளிச்ச அறைச் சுவரில் இருக்கிறது. வருகிற கணவன்மார்களிடமெல்லாம் அந்தப் பெண் அதைத்தான் முதலில் காட்டுகிறதாம். எனக்கு அதில் வெட்கம் இல்லை. உண்மையைச் சொன்னால், மற்ற தாள்களைவிட அதைத்தான் எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மூடிவிட்டது. ரோஜா நிறத்தில் மெல்லிய தோல். பிளாஸ்டரைக் கடைசியாகப் பிரித்தார்கள். டாக்டர் சொன்னது: "இது பிஞ்சுத் தோல். விளையாட்டு விழாவுக்குப் போகலாம். ஆனா உக்காந்துதான்."

டீச்சர் சரி என்றாள். அவள் சரி என்பதை நான் எவ்வளவு நம்பலாம்?

செப்டம்பர் 20, சனி

விளையாட்டு விழா. புது ஷூவுக்குள் கையை விட்டு, விரல் நுனியால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். ஒன்றுமில்லை.

ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு அருகே அவளுக்கு ஒரு நாற்காலி. மடியில் துப்பாக்கி, கழுத்தில் விசில். மொத்தம் இருபத்தாறு ஓட்டம். பதினோராவதில் ஒரு பையன் முந்திக் கிளம்பினான். உட்கார்ந்த இடத்திலிருந்தே விசில் ஊதி, விரலை நீட்டி அவனை வெளியே அனுப்பினாள். கடைசியாக ரிலே. அவள் டீம் மூன்றாவது சுற்றில் பின்தங்கி, நாலாவதில் முன்னே வந்தது. மைதானம் முழுக்க எழுந்து நின்றது. நானும் எழுந்துவிட்டேன். அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தாறு ஓட்டத்தில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஜெயித்த பிள்ளைகள் கோப்பையை அவள் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். பெருமையாக இருந்தது. கோப்பைக்காக மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை என் மடியில் போட்டாள். "அளங்க சர்வேயர், சரியா அளக்கணும்" என்றாள். கண்ணாடித் தாளை வைத்தேன், பேனாவைத் திறந்தேன். வரைவதற்கு ஓரம் எங்கேயும் இல்லை. தாளில் தேதியை மட்டும் எழுதி, மற்ற தாள்களோடு வைத்தேன்.