வருத்தம் பார்க்க வந்த பழம்

ஜூலை, ஞாயிறு இரவு.

இன்று மனைவியின் தம்பி குணத்தைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓவியக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெல்பேர்ன் நகரமே ஒதுங்கி நிற்க, யானைமேல் ஏறிய அரசனைப்போல வந்தான். வருத்தம், வயிற்றில் புற்றுநோய். இப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது.

பிரெஞ்சு ஓவியர் ஒருவர் கடைசிக் காலத்தில் வரைந்த சிறிய படத்தின் முன்னே நிறுத்தச் சொன்னான். வெள்ளைத் துணியில் கொஞ்சம் அப்பிளும் ஒரு குலை முந்திரிகைப்பழமும், திராட்சைதான்.

"அத்தான், இது வருத்தம் பாக்க வந்த ஆக்கள் குடுத்த பழம். மனிசனுக்குச் சாப்பிட ஏலாமப் போச்சு. அதுதான் கீறியிருக்கிறார்."

பக்கத்துக் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. நானும் சேர்ந்துகொண்டேன்:

"உனக்கு வாற பழமெல்லாம் நான்தானே திண்டு முடிக்கிறன். எங்கட நோபல் பார்க் ஊரிலேயே என்னைப்போல தியாகி கிடையாது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "இனி ஒண்டை மிச்சம் விடுங்கோ அத்தான். பாக்கிறதுக்கு."

திரும்பும் வழியில் கடையைத் தலைகீழாகப் புரட்டி, இந்தக் கண்டத்திலேயே சிவந்த அப்பிளை வாங்கினேன். அவன் கட்டிலருகே வெள்ளைத் தட்டில் வைத்தேன்.

அவன் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறான் போலும்.