இடது கம்பத்து ஜபருல்லா

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் காமினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ கிளாஸ்கோவில் சுகமாக இருப்பதாகப் புதன்கிழமை போனில் சொன்னாய் என்று அம்மா சொன்னாள், ஆகவே அதை மறுபடி கேட்டு உன் நேரத்தை வீணாக்கவில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் என் தடித்த விரலுக்கு இரண்டு எழுத்து சேர்ந்தே விழுகிறது, உன் மாமாவின் பிறந்த நாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்தைப் படித்துவிட்டு அவர் என்னை டாக்டரிடம் போகச் சொன்னார். போனில் பேசலாமே என்பாய். பேசாததற்குக் காரணம் உனக்கே தெரியும். பிப்ரவரியில் நான் வழக்கம்போல, காதை மூடிக்கொண்டு வெளியே போ என்று சொன்னதற்கு, அப்பா எனக்கு முப்பத்திரண்டு வயசு, என் காது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்லா என்றாய். நியாயமான பேச்சுதான். சின்ன வயதில் உனக்குக் காதில் சீழ் வைத்து நாங்கள் பட்ட பாடு பழைய கதை, இன்றைக்கு நீ வேலை பார்த்து நாலு பேருக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இருக்கிறாய். அன்றிலிருந்து உன் போன் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். கோபமெல்லாம் இல்லை. அதை விட்டால் எனக்குச் சொல்ல வேறு விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுச் செய்தி. நம் பிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போனது, பழுது பார்க்க வந்தவர் உள்ளேயே மாட்டிக்கொண்டார், அவரை வெளியே எடுக்க இன்னொருவர் வந்தார். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள், ஏறும்போது மாடிக்கு ஒரு தரம் என்னைத் திட்டினாள், லிஃப்டை நான் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சுங்கை பாக்காப்பில் உன் சித்தப்பா மகன் லோகேஸ்வரன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தான். எங்கெங்கோ அலைந்து பசுவும் கன்றும் கொண்டுவந்தார்கள், பசு வாசல்வரை வந்து, பளபளவென்றிருந்த தரையைப் பார்த்துவிட்டு, உள்ளே வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. நாங்கள் எல்லாரும் உள்ளே போய் வழுக்கினோம். ஐயர் மட்டும் வாசலிலேயே மந்திரத்தை முடித்துக்கொண்டார், படித்தவர். டுரியான் சீசன் தொடங்கிவிட்டது, உன் பங்கையும் நானே சாப்பிடுகிறேன், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அம்மா சொல்லியிருந்தால் நம்பாதே.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜபரு ஓய்வு பெற்றுவிட்டான். உனக்கு ஹாக்கி பிடிக்காது, ஆனாலும் ஜபருல்லாவை மறந்திருக்க மாட்டாய், பட்டர்வொர்த் பையன், பினாங்கு அணியின் தடுப்பாட்டக்காரன், நீ ஸ்கூலில் படிக்கும்போது உன்னையும் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன், நீ என் மகள் இல்லை என்பதுபோல நாலு வரிசை தள்ளிப் போய் உட்காருவாய். ஷார்ட் கார்னர் வந்தால் எதிரணிக்காரர்கள் எதிரே வரிசை கட்டி நிற்பார்கள், நம் ஆட்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், பந்து உள்ளே வந்ததும் மற்றவர்கள் பாய்ந்து ஓட ஜபரு மட்டும் கோலின் இடது கம்பத்தை ஒட்டி நிற்பான். அங்கே நிற்பவன் குனிந்து ஹாக்கி கட்டையைத் தரையோடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பந்து அடியில் நுழைந்துவிடும். அவன் அணியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் அப்படி நுழைந்துவிட்டது. அடுத்த ஷார்ட் கார்னரில் நான் எழுந்து, ஜபரு, கட்டைய தரையில வை என்று கத்தினேன், அவன் வைத்தான், பந்து கட்டையில் பட்டுத் திரும்பியது. அன்று பிடித்த பழக்கம், ஒவ்வொரு ஷார்ட் கார்னருக்கும் கத்துவேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி எடுத்த நேரத்தில் எனக்கு அதே வாக்கியம் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் பந்தைச் சுண்டி உயரத் தூக்கிப் போடுகிறார்கள், குனிந்து நின்றால் தலைக்கு மேலே போய்விடும், ஒன்னோட அட்வைஸ் எக்ஸ்பயரி ஆயிருச்சுடா நேசா என்று பக்கத்தில் உட்காரும் பஷீர் சொல்லுவான். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன், எக்ஸ்பயரி பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுவேன்.

போன வருஷம் அந்தக் கடைக்கே ஜபரு சாப்பிட வந்தான். பஷீர் என்னைக் காட்டி, இவர்தான் கட்டைய தரையில வை என்றான். ஜபரு கை கழுவிக்கொண்டே, அங்கிள், இத்தன வருஷமா ஆடுறேன், கட்டைய எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்லா என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகும் கத்தத்தான் செய்தேன். ஆனால் பிப்ரவரியில் நீயும் அதையே சொன்னாயா, அப்போது யோசித்தேன். ஒருவரோடொருவர் பேசியே அறியாத இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால் கோளாறு என் வாயில்தான் இருக்க வேண்டும். ஆகவே முழங்கால் போய்விட்டது, பேராக் அணியுடன் ஆடுவதுதான் கடைசி ஆட்டம் என்று ஜபரு அறிவித்தபோது, அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். மாலை போட அங்கே ஆள் இருப்பார்கள், நான் கொடுக்கும் மரியாதை இதுவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். உங்களால முடியாதுங்க என்றாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் ஆட்டம். வருத்தமாக இருந்தது காமினி, மறைத்து என்ன ஆகப் போகிறது. நம் வீட்டிலிருந்து யாரோ கிளம்பிப் போவதுபோல இருந்தது. முதல் பாதியில் ஷார்ட் கார்னரே வரவில்லை, பிழைத்தேன். கடைசிக் கால் பகுதியில் இரண்டுக்கு இரண்டு என்று இருக்கும்போது பேராக்குக்கு ஒன்று கிடைத்தது. நம் ஆட்கள் முகமூடி மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். நான் பஷீர் கொடுத்த கச்சான் கடலையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜபரு குனியவில்லை. அம்பயர் விசில் ஊதிக் கையைக் காட்டினார், அப்போதும் குனியவில்லை. முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஸ்டேடியத்தை நிமிர்ந்து பார்த்தான், முதலில் மேல் வரிசை, அப்புறம் எங்கள் வரிசை. முழங்கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் பஷீரிடம் சொன்னேன். பஷீர் என் தொடையில் அடித்து, வலியும் இல்ல ஒன்னும் இல்ல, ஒன்னத்தான்டா தேடுறான், கத்துலா என்றான். எழுந்தேன். வாய் நிறையக் கச்சானோடு கத்தியதில் யாரோ கிழவனுடைய குரல்தான் வந்தது. கட்டைய தரையில வை. ஜபரு முகமூடியை இறக்கினான், குனிந்தான், கட்டையைத் தரையில் வைத்தான். பேராக்குக்காரன் பந்தைச் சுண்டினான், அது ஜபருவின் தலைக்கு மேலே போய்க் கோலில் விழுந்தது. மூன்றுக்கு இரண்டு, தோற்றுவிட்டோம். பஷீர் மிச்சக் கச்சானை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான்.

மாலை மரியாதை எல்லாம் முடிந்து ஜபரு கம்பி வேலிப் பக்கம் வந்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் இறங்கிப் போனேன். அவன் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் அங்கிள் லேட்டு என்றான். நீதானே தெரியும் என்றாய், அதனால் சும்மா இருந்தேன் என்றேன். தெரியும்தான், ஆனா நீங்க கத்தலேன்னா எனக்குக் குனியவே வரமாட்டேங்குது என்று சொல்லிவிட்டு, வேலிக் கம்பிக்குள் விரலை விட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டான். அடுத்த மாதத்திலிருந்து ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கப் போகிறானாம். வந்து கத்தச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எப்படியும் கத்திட்டீங்கல்ல என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டாள். சாப்பிடும்போதுதான் இன்னொன்றையும் சொன்னாள். புதன்கிழமை எல்லாம் பேசி முடித்த பிறகும் நீ போனை வைக்கவில்லையாம். அப்பா பக்கத்துல இல்லையா என்றாயாம். கூப்பிடவா என்று கேட்டதற்கு, இல்ல, சும்மாதான் கேட்டேன் என்றாயாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, கேட்காததுபோல உட்கார்ந்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வீட்டு வாடகையை முன்கூட்டிக் கட்டு, மாப்பிள்ளையிடம் அரசியல் பேசிச் சண்டை போடாதே. தண்ணீர்மலை முருகன் உங்கள் இருவருக்கும் துணை இருப்பான், அவனிடம் நான் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். வரும் புதன்கிழமை போனை நான் எடுக்கிறேன். இப்போது அங்கே வெயில் காலம், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறாய் என்று அம்மா சொன்னாள். இருக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
கொஞ்சம் லேட்டான உன் அப்பா,
சிவநேசன்